குண்டின் எடை, கொலையின் எடை

பெரிய விலங்குகளை வேட்டையாட ரைஃபிள் தேர்ந்தெடுப்பவர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்: குழலின் விட்டம், குண்டின் எடை, அது கிளம்பும் வேகம், உடலுக்குள் போனபின் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது. விலங்கு எப்படிச் சாகும் என்பதை இந்த நான்கும் சேர்ந்தே பெருமளவு முடிவு செய்கின்றன. சில நொடிகளில் நினைவிழந்து விழுமா, குடல் கிழிந்து நாள்கணக்கில் காட்டில் அலைந்து சாகுமா என்பதன் ஒரு பாதி, துப்பாக்கி வாங்கும் அன்றே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே இந்தத் தேர்வை வெறும் இயந்திர விவகாரம் என்று ஒதுக்க முடியாது. ஓர் உயிரைக் கொல்வது என்று முடிவெடுத்த பிறகும் அந்த உயிருக்குச் செய்ய வேண்டிய கடமை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? மிஞ்சியிருந்தால், தகுந்த ஆயுதத்தைத் தேர்வதால் அந்தக் கடமை தீர்ந்துவிடுமா? சமயங்களும் சட்டங்களும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு விடை சொல்லியிருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பல வாதங்கள் தடுமாறுகின்றன.

வேட்டைக் குண்டு இரண்டு வழிகளில் கொல்கிறது. மூளையையோ கழுத்துத் தண்டுவடத்தையோ தாக்கினால் விலங்கு அந்தக் கணமே சரிகிறது. இதயத்தையும் நுரையீரலையும் துளைத்தால் இரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்கு இரத்தம் போவது நின்று, சில நொடிகளில் நினைவு போகிறது. இதயத்தில் அடிபட்ட மான்கூட ஐம்பது, நூறு மீட்டர் ஓடிப்போய் விழுவதுண்டு. பெரும்பாலான வேட்டைக்காரர்கள் இந்த இரண்டாவது வழியையே நாடுகிறார்கள். மூளை சிறிய இலக்கு, மார்புக்கூடு பெரிய இலக்கு என்பதே காரணம். மூளைக்கு வைத்த குறி கொஞ்சம் விலகினால் தாடை உடையும். தாடை உடைந்த விலங்கு ஓடிவிடும், பிறகு பசியால் சாகும். தொழில்நுட்பப் பேச்சில் ‘தவறிய குறி’ என்று கடந்துபோகிற விஷயம் அந்த விலங்குக்கு வாரக்கணக்கான வதை.

சட்டங்கள் இந்த வதையை எண்களால் தடுக்கப் பார்க்கின்றன. ஜெர்மனியில் செம்மான் போன்ற பெரிய விலங்குகளுக்குக் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் விட்டமும், 100 மீட்டர் தொலைவில் 2000 ஜூல் ஆற்றலும் வேண்டும். ஸ்வீடனில் மூஸ் என்னும் பெரிய மான் வேட்டைக்கு 10 கிராமுக்குக் குறையாத குண்டு என்றால் 100 மீட்டரில் 2000 ஜூல்; 9 கிராம் குண்டு என்றால் 2700 ஜூல். யானையும் காட்டெருமையும் உள்ள ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் .375 அங்குலமே கீழெல்லை. 1912இல் இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் கொண்டுவந்த .375 மேக்னம் தோட்டாவை ஒட்டியே அந்த எல்லை நிலைத்தது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் இன்னொரு நிபந்தனையையும் சேர்க்கிறது: மானைச் சுடும் ரைஃபிள் குண்டு உடலுக்குள் விரிந்து மலர்வதாக இருக்க வேண்டும். அப்படி விரியாத, முழு உலோக உறை போட்ட குண்டு கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை வேறொரு சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் செய்யப்பட்ட விரியும் குண்டுகள் உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயின. 1899இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது. அதற்கு முன்பே 1868இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம், களத்திலிருந்து விலக்கப்பட்ட வீரனின் துன்பத்தைப் பயனின்றிப் பெருக்கும் ஆயுதங்கள் கூடாது என்ற கொள்கையை வகுத்திருந்தது. மனிதன்மீது சுட்டால் கொடுமை என்று விலக்கப்பட்ட அதே வகைக் குண்டு, மானைச் சுடும்போது கருணையின் பெயரால் கட்டாயமாகிறது.

இதில் முரண் இருப்பதுபோலத் தோன்றினாலும் உண்மையில் இல்லை. போரின் நோக்கம் எதிரியைச் செயலிழக்கச் செய்வது. காயம்பட்டவனைத் தூக்கிச் செல்ல ஆள் உண்டு, மருத்துவமனை உண்டு, பிழைக்க வழி உண்டு. வேட்டையில் விலங்குக்கு அப்படி எதுவும் கிடையாது. அங்கே சின்னக் காயம் என்பது நீண்ட சாவு. ஆயுதம் கொடியதா இல்லையா என்பதை ஆயுதத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அடிபட்ட உடலுக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தே சொல்ல முடியும். ஆனால் இந்த விளக்கத்துக்குள் ஒரு முன்முடிவு உட்கார்ந்திருக்கிறது. விலங்கு பிழைப்பது எங்கேயும் நோக்கமாக இல்லை. மனிதனுக்கு உயிரை மிச்சம் வைப்பது கருணை, விலங்குக்கு உயிரை விரைவாக எடுப்பது கருணை என்று இரு வேறு அளவுகோல்களைச் சட்டங்கள் வகுத்தன. இரண்டாவது அளவுகோலை யாரும் மாநாடு கூட்டி விவாதிக்கவில்லை.

எவ்வளவு பெரிய குண்டு போதும் என்பதில் வேட்டைக்காரர்களிடையே நூறாண்டுக்கு மேலாக நடக்கும் தர்க்கத்துக்கு இரண்டு பெயர்கள் நிரந்தர எல்லைக்கற்கள். ஒருவர் ஸ்காட்லாந்தில் பிறந்த டபிள்யூ. டி. எம். பெல். கிழக்கு ஆப்பிரிக்காவின் கரமோஜா பகுதியில் தந்தத்துக்காக வேட்டையாடியவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற அவர், அவற்றில் பெரும்பகுதியை மான் வேட்டைக்கு உகந்ததாகக் கருதப்படும் 7 மில்லிமீட்டர் மவுசர் ரைஃபிளால் சுட்டார். யானையின் மண்டையை அறுத்துத் திறந்து, மூளை எந்த இடத்தில் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று படித்தறிந்தவர் அவர். பஞ்சுபோல் துளைகள் நிறைந்த அந்தப் பெரிய எலும்பு மலைக்குள் மூளை எவ்வளவு சின்ன இடத்தில் இருக்கிறது என்பது தெரிந்தவனுக்கு, நீளமான, விரியாத, எடை குறைந்த குண்டே போதும் என்பது அவர் அனுபவம்.

மற்றொருவர் அயர்லாந்துக்காரரான ஜான் டெய்லர். 1948இல் வெளிவந்த ஆப்பிரிக்க ரைஃபிள்கள் பற்றிய அவருடைய நூலில் ஒரு கணக்கு உண்டு. குண்டின் எடையை கிரெய்னிலும், வேகத்தை நொடிக்கு அடியிலும், விட்டத்தை அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 7000ஆல் வகுக்க வேண்டும். 300 கிரெய்ன் குண்டை 2500 அடி வேகத்தில் வீசும் .375க்கு ஏறக்குறைய 40 வரும். 500 கிரெய்ன் குண்டை வீசும் .470 இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு 70ஐத் தாண்டும். பெல்லின் 7 மில்லிமீட்டருக்கு 16ஐ ஒட்டித்தான் கிடைக்கும். இந்த எண் எதை அளக்கிறது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. யானையின் மூளையை மயிரிழையில் தவறவிட்ட குண்டு, அந்த யானையை எவ்வளவு நேரம் நிலைகுலைய வைக்கும் என்பதை மதிப்பிடவே டெய்லர் இதை உருவாக்கினார். சுடுபவன் செய்யப்போகும் பிழைக்கு எவ்வளவு இடம் தரலாம் என்பதன் அளவு அது. பெல்லின் துப்பாக்கியில் அந்த இடம் ஏறக்குறைய இல்லை.

ஆக, பெரிய குழல் மனிதத் தவற்றை ஒப்புக்கொள்கிறது. சிறிய குழல் தேர்ச்சியை நம்புகிறது. எது நேர்மையானது? பெரிய குழல் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அதற்கும் விலை உண்டு. கனத்த தோட்டாவின் உதைப்பு தோளை இடிக்கிறது. அந்த இடிக்குப் பயந்த உடல், விசையை அழுத்தும் நொடியில் தானாகவே சுருங்குகிறது, குழல் நகர்கிறது, குண்டு வயிற்றில் பாய்கிறது. ஓர் அனுபவசாலி இன்னொருவரைச் சோதிக்கும் முறை எளிது. அவருக்குத் தெரியாமல் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுப்பார். வெடி வெடிக்காது. ஆனால் குழல் முனை சட்டென்று கீழே தாழ்வதை இருவருமே பார்ப்பார்கள். தன்னால் தாங்க முடியாத துப்பாக்கியை கௌரவத்துக்காகத் தூக்கிச் செல்பவனின் பெருமிதத்துக்கு விலங்கு விலை கொடுக்கிறது. பெல்லைப்போல் ஆக விரும்பிச் சிறிய துப்பாக்கியை எடுப்பவன் விஷயத்திலும் இதுவே உண்மை. பெல்லிடம் இருந்தது துப்பாக்கி மட்டுமல்ல, அறுத்துப் பார்த்த மண்டையோட்டின் அறிவும்கூட. இந்த வகையில் நார்வே எடுத்திருக்கும் வழி அறிவுக்கு உகந்தது. பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் பயிற்சிச் சூடுகள் சுட்டு, பிறகு 100 மீட்டரில் ஐந்து குண்டுகளையும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் பாய்ச்சிக் காட்ட வேண்டும். சட்டம் அங்கே குழலை மட்டும் அளப்பதில்லை, கையையும் அளக்கிறது.

தவறிய குறியின் விளைவு விலங்கோடு நிற்பதில்லை என்பதற்கு இந்தியாவிலேயே ஆழமான சான்று இருக்கிறது. 1907இல் குமாவுன் மலைப்பகுதியில் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் புலி, நேபாளத்திலும் குமாவுனிலும் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்து மேல், கீழ் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல்பல் பாதியில் முறிந்திருந்தது, கீழ்ப்பல் எலும்பு வரை போயிருந்தது. அது பழைய துப்பாக்கிக் காயம். தன் இயல்பான இரையைக் கொல்ல முடியாமல் போனதே அதை மனிதர்களிடம் திருப்பியது என்று கார்பெட் முடிவு செய்தார். யாரோ ஒருவர் எப்போதோ அவசரத்தில் சுட்டுவிட்டு, காயம்பட்ட புலியைத் தொடர்ந்து போகாமல் வீடு திரும்பியிருக்கிறார். அவர் பெயர் வரலாற்றில் இல்லை. விறகும் தீவனமும் சேர்க்கப் போன பெண்கள் அந்தக் கணக்கைத் தீர்த்தார்கள்.

கொல்வதற்கு அனுமதி தரும் சமயங்கள், கொல்லும் கருவியைப் பற்றி மிகக் கறாராகப் பேசியிருக்கின்றன. யூத மரபில் விலங்கை அறுக்கும் கத்தியில் இம்மியளவு பொளியும் இருக்கக் கூடாது. அறுப்பவர் கத்தி விளிம்பை விரல் சதையிலும் நகத்திலும் மெல்ல ஓட்டிப் பார்க்கிறார், அறுப்பதற்கு முன்பும் பின்பும். நகத்தில் எங்காவது தடங்கினால் அந்தக் கத்தி கூடாது. அறுத்தபின் தடங்கினால் அந்த இறைச்சி கூடாது. துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய விலங்கு, எவ்வளவு சுத்தமாகச் செத்திருந்தாலும், அந்த மரபில் உண்ணத் தகாதது. 18ஆம் நூற்றாண்டில் பிராக் நகரத்து ரப்பி எசெக்கியேல் லாண்டாவிடம், செல்வந்தர் ஒருவர் தம் நிலத்துக் காடுகளில் வேட்டையாடலாமா என்ற கேள்வி வந்தது. சட்ட நுணுக்கத்தின்படி அது விலங்குகளை வதைக்கும் குற்றமாகாது என்று ஒப்புக்கொண்ட அவர், வேதத்தில் வேட்டைக்காரர்களாக வருபவர்கள் நிம்ரோதும் ஏசாவும்தான், ஆபிரகாமின் வழிவந்தோர்க்கு அது உகந்த வழியன்று என்று கடுமையாக மறுத்தார். சட்டம் விடுகிற இடத்திலும் குணம் தடுக்கலாம் என்பதே அவர் தீர்ப்பின் சாரம்.

இஸ்லாமிய மரபில் இந்தக் கேள்வி துப்பாக்கிக் குண்டுக்குள்ளேயே நுழைந்து ஆராயப்பட்டது. அல்லாஹ் எல்லாவற்றிலும் செம்மையை விதித்திருக்கிறான், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு விலங்கின் துன்பத்தைக் குறைக்கட்டும் என்னும் கருத்துள்ள நபிமொழி ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. வேட்டைக் கழியைப் பற்றி நபித்தோழர் அதீ இப்னு ஹாதிம் நபியிடம் கேட்டபோது, கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம், அகலப் பக்கத்தின் அடியால் செத்ததை உண்ணக் கூடாது என்று விடை கிடைத்தது. அடித்துக் கொல்லப்பட்டதை குர்ஆன் விலக்குகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஈயக் குண்டு வந்தபோது அறிஞர்கள் முன்னால் புதிய கேள்வி நின்றது: குண்டு துளைத்துக் கொல்கிறதா, மோதிக் கொல்கிறதா? டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், அதற்குக் கூர்மை இல்லை, வேகமும் சூடும் பளுவுமே கொல்கின்றன என்று சொல்லி அதை விலக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் ஏமனின் ஷௌகானி, குண்டு உடலைக் கிழித்துக்கொண்டு ஊடுருவுகிறதே, ஆகவே உண்ணலாம் என்றார். குண்டு ஊடுருவி ஏற்படுத்தும் துளையா, அதன் மோதல் அதிர்ச்சியா, எது விலங்கை வீழ்த்துகிறது என்று இன்றும் வேட்டைக்காரர்கள் விவாதிக்கிறார்கள். இரண்டு மார்க்க அறிஞர்கள் அதே கேள்வியை, விலங்கின் மீதுள்ள பொறுப்பிலிருந்து தொடங்கி, இறைவனின் பெயரால் முன்பே கேட்டிருந்தார்கள்.

சமண, பௌத்த மரபுகள் இந்த வழியில் வருவதில்லை. அவை கருவியைக் கடந்து மனத்துக்குப் போகின்றன. கொலை நிறைவடைய ஐந்து அங்கங்கள் வேண்டும் என்று பாலி உரைகள் வகுக்கின்றன: உயிர் இருப்பது, அது உயிர் என்று அறிவது, கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, அதனால் சாவு. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து உரை எழுதிய புத்தகோசர், விலங்கு பெரிதாக இருந்தால் குற்றமும் பெரிது, ஏனென்றால் முயற்சி பெரிது என்கிறார். வேட்டைத் துப்பாக்கியின் தேர்வு முழுவதும் இந்த நான்காவது அங்கத்தில் அடங்குகிறது. தோட்டாவைப் பற்றிப் படித்து, தொலைநோக்கி பொருத்தி, மாதக்கணக்கில் பயிற்சி செய்து, வேதனையின்றிக் கொல்வதற்கு எடுக்கும் அக்கறை எல்லாமே புத்தகோசரின் நிறுவையில் முயற்சியின் பக்கம் ஏறுகிறது. இங்கே கவனம் பாவத்தைக் குறைப்பதாக எண்ண வழியில்லை. சமணம் இன்னும் ஒருபடி போகிறது. இம்சை என்பது விருப்பு வெறுப்புகளாலும் அசட்டையாலும் நேர்வது. உயிர் போகாவிட்டாலும் அவை எழுந்த இடத்தில் இம்சை நிகழ்ந்துவிட்டது என்கிறார் சமண அறிஞர் அமிர்தசந்திரர். குண்டு குறிதவறி மரத்தில் பாய்ந்தாலும் வேட்டைக்காரன் தப்புவதில்லை. இல்லறத்தாருக்குப் பல சலுகைகள் தரும் சமணம் வேட்டைக்குச் சலுகை தரவில்லை. ஏழு தீய பழக்கங்களில் அது ஒன்று. திருக்குறளின் கொல்லாமை அதிகாரமும் நல்ல முறையில் கொல்வது, தீய முறையில் கொல்வது என்று பிரிப்பதில்லை.

இந்த இரண்டு பார்வைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். தேவையில்லை. விலங்கின் வலி ஒரு கணக்கு, கொல்பவனின் வினை மற்றொரு கணக்கு. தகுந்த துப்பாக்கி முதல் கணக்கைக் குறைக்கிறது; அது உண்மையான நன்மை, விலங்குக்கு மட்டுமே சேரும் நன்மை. இரண்டாம் கணக்கை அது தொடுவதே இல்லை. ‘வலியில்லாமல் கொன்றேன்’ என்பதை ‘கொன்றது சரி’ என்பதற்கு ஆதாரமாக வைக்கும் வேட்டைக்காரரும், ‘எப்படியும் கொலைதானே, எந்தத் துப்பாக்கியானால் என்ன’ என்று முகம் திருப்பும் அகிம்சைவாதியும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். முதலாமவர் விலங்குக்குச் செய்த உதவியைத் தன் பெயரில் வரவு வைக்கிறார். இரண்டாமவர், தன் கொள்கை மாசுபடக் கூடாது என்று விலங்கின் கடைசி ஒரு மணி நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுகிறார். பெல்லின் வாழ்க்கை இந்தப் பிரிவைத் தெளிவாகக் காட்டுகிறது. அவர் கையில் செத்த யானைகளில் மிகப் பல, வலி என்னவென்று அறியாமலே விழுந்திருக்கும். அதே தேர்ச்சிதான் அந்த எண்ணிக்கையை ஆயிரத்துக்கு மேல் கொண்டுபோனது. தந்தமோ பியானோ கட்டைகளுக்கும் பில்லியர்ட்ஸ் பந்துகளுக்கும் போனது.

ஸ்பானியச் சிந்தனையாளர் ஒர்தேகா இ காசெத் 1942இல் ஒரு வேட்டை நூலுக்கு எழுதிய நீண்ட முன்னுரையில், வேட்டையின் சாரம் மனிதன் தன் ஆற்றலைத் தானே மட்டுப்படுத்திக்கொள்வதில் இருக்கிறது என்று வாதிடுகிறார். ஆயுதம் மிதமிஞ்சினால் அது வேட்டையாகாமல் அழிப்பாகிவிடும். இன்றைய தொலைதூரச் சூடு இந்த வாதத்துக்கு நேரான சோதனை. 500 மீட்டரில் நிற்கும் மானை அடையச் சாதாரண .30-06 குண்டுக்கு முக்கால் நொடி அளவுக்கு ஆகிறது. அந்த முக்கால் நொடியில் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் நுரையீரலுக்கு வைத்த குறி குடலுக்குப் போகும். எந்தக் கருவியாலும் விலங்கின் அடுத்த அசைவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்குள்ளேயே எவ்வளவு தொலைவு என்பதும் அடங்கியிருக்கிறது. தன் கைக்கு உட்பட்ட தொலைவைத் தாண்டிச் சுடாதவனிடம் நடுத்தரமான துப்பாக்கியே போதுமான துப்பாக்கி. நம் இதிகாசத்தில் தசரதன் செய்த பிழையும் இந்த வகைதான்: நீர் மொள்ளும் ஒலியை யானை என்று நினைத்து, கண்ணால் காணாத இலக்கின்மேல் அம்பு விட்டான். ஒலிவழி குறிவைக்கும் அபாரத் திறமையே அவனை, நீர் மொண்டுகொண்டிருந்த சிறுவனின் சாவுக்கு இட்டுச் சென்றது.

சுட்டபின் வரும் கடமையும் தேர்வின் பகுதியே. நார்வேயில் மூஸ், மான் வேட்டைக்குப் போகிறவர், காயம்பட்ட விலங்கின் இரத்தத் தடத்தை மோப்பம் பிடிக்கப் பழகிய நாய் கிடைக்க முன்னேற்பாடு செய்திருக்க வேண்டும். ஸ்வீடனில் அப்படிப்பட்ட நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு வந்துசேர வேண்டும் என்பது விதி. தவறு நேரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அதன் பொறுப்பை முன்கூட்டியே தலையில் ஏற்றும் சட்டங்கள் இவை.

கடைசியாகக் குண்டின் உலோகம். ஈயக் குண்டு உடலுக்குள் நொறுங்கிப் பொடித் துணுக்குகளாகச் சிதறுகிறது. வேட்டைக்காரர் காட்டில் விட்டுச்செல்லும் குடலைத் தின்னும் பறவைகள் அந்த ஈயத்தையும் தின்கின்றன. 1987இல் காட்டில் எஞ்சியிருந்த கலிஃபோர்னியா காண்டார் கழுகுகள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் வளர்க்க வேண்டிய நிலை வந்ததற்கும், மீண்டும் விடப்பட்ட பறவைகள் தொடர்ந்து சாவதற்கும் ஈய நஞ்சு பெரிய காரணம். கலிஃபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றாகத் தடை செய்தது. அதற்கு மாற்றாக வந்த செம்புக் குண்டு பெரும்பாலும் சிதறுவதில்லை. ஆனால் ஈயத்தைவிடக் கடினமானது என்பதால் அது விரிவதற்குக் கூடுதல் வேகம் வேண்டும். தொலைவு கூடக்கூட வேகம் குறைந்து, குண்டு விரியாமலே ஊடுருவிப் போய்விடும் அபாயம் இருக்கிறது. செம்புக்கு மாறுகிறவர் இதனால் குண்டின் எடையையும் வேகத்தையும் புதிதாகக் கணக்கிட்டு, தன் துப்பாக்கியில் அது எந்தத் தொலைவு வரை விரிகிறது என்று சோதித்து, அந்தத் தொலைவுக்குள் விலங்கை நெருங்கிய பிறகே சுட வேண்டும்.